விதி எல்லாம் தெரிந்தவரும் விதியே படிக்காதவரும் ஒரே மேசையில்: டிஎம் என்ன செய்வது?

கோபுரவாசல்

எல்லோருக்கும் வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை (2014 புத்தகம்) நடத்திக்கொண்டிருக்கிறேன். கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டிஎம் நான்தான். எல்லோரும் 5ஆம் லெவல். ஆட்டக்காரர்களில் ஒருவருக்குப் புத்தகம் மனப்பாடம். இன்னொருவர் தன் கேரக்டர் ஷீட்டையே (பாத்திரத்தின் திறமைகளும் எண்களும் உள்ள தாள்) முழுதாகப் படித்ததில்லை. ஆனால் கதைக்குள் இறங்கிவிட்டால் அவரைப் போல ஒன்றிப்போகிறவர் எங்கள் மேசையில் யாருமில்லை. இருவரையும் இழக்க எனக்கு மனமில்லை.

போன செஷனில் பாலத்தின் மேல் ஒரு சண்டை. ரோக் (திருடன் வகுப்பு) தன் முறையில் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் டைஸ் சேரும் பதுங்கு அடி) அடித்துவிட்டார். அதே சுற்றில் கொள்ளைக்காரத் தலைவன் தப்பி ஓடப் பார்த்தான். ரோக்குக்கு ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகி ஓடும் எதிரியை உடனே அடிக்கும் வாய்ப்பு) கிடைத்தது, அதற்கும் ஸ்னீக் அட்டாக் டைஸைக் கையில் எடுத்தார். ஃபைட்டர் விளையாடுபவர், "சுற்றுக்கு ஒரு தடவைதான்" என்றார். உடனே புத்தகம், போன், வாக்குவாதம் என்று சண்டை அப்படியே நின்றுபோனது. விதி படிக்காத நண்பர் ஒரு மூலையில் டைஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

சண்டை நடுவே இப்படி வந்தால் நீங்கள் எப்படி முடிக்கிறீர்கள்? படிக்காதவரைப் படிக்கச் சொல்லலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

இருபதுமுகம்

முதலில் விதியைத் தீர்த்துவிடலாம். ஸ்னீக் அட்டாக் ஒரு முறைக்கு (ஒருவரின் டர்னுக்கு) ஒரு தடவை, எல்லோர் முறையும் சேர்ந்த சுற்றுக்கு ஒரு தடவை அல்ல. தலைவன் ஓடுவது தலைவனின் முறையில். அது ரோக்கின் முறை அல்லாததால் மறுபடியும் ஸ்னீக் அட்டாக் செல்லும். மற்ற நிபந்தனைகள் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்: ஃபினெஸ் ஆயுதமாக (பலத்துக்குப் பதில் லாவகத்தால் வீசக்கூடியது) இருக்க வேண்டும், அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டி அதிகமானதை எடுப்பது) இருக்க வேண்டும் அல்லது ரோக்கின் கூட்டாளி ஒருவர் அந்த எதிரிக்கு 5 அடிக்குள் நிற்க வேண்டும். ஆப்பர்சூனிட்டி அட்டாக் எதிரி எட்டும் தூரத்தை விட்டு வெளியேறும் முன்பே நடப்பதால், ஃபைட்டர் பக்கத்தில் நின்றிருந்தால் அதுவே போதும்.

இது அதிகப்படியோ என்று பயப்படவும் வேண்டாம். 5ஆம் லெவலில் ஸ்னீக் அட்டாக் 3 டி6 (ஆறுமுக டைஸ் மூன்று), சராசரி 10.5. அதே லெவலில் விசார்ட் (மந்திரவாதி) போடும் ஃபயர்பால் என்ற தீ மந்திரம் 8 டி6, சராசரி 28, அதுவும் 20 அடி ஆரத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும். ரோக்குக்கு எப்போதாவது கிடைக்கும் ஒரு கூடுதல் அடியால் உங்கள் ஆட்டம் குலைந்துவிடாது.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. என் மேசையில் நடைமுறை இதுதான்: ஆட்சேபம் சொல்பவர் தன் காரணத்தை ஒரே மூச்சில் சொல்லலாம், எதிர்த்தரப்பும் அப்படியே. பிறகு நான் தீர்ப்புச் சொல்வேன், ஆட்டம் நகரும். செஷன் முடிந்ததும் புத்தகம் பார்ப்போம், அடுத்த தடவையிலிருந்து புத்தகப்படி. ஒரே விதிவிலக்கு, ஒரு கேரக்டரின் உயிர் அந்தத் தீர்ப்பில் தொங்கினால் அப்போதே புத்தகத்தைத் திறப்போம். அதற்காக எவ்வளவு நேரம் போனாலும் யாரும் முணுமுணுப்பதில்லை.

தீர்ப்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அந்த ரோக் எதற்காக அங்கே நின்றார் என்று பாருங்கள். தலைவன் ஓடினால் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் பின்வாங்காமல் நின்றிருப்பார், அடி வாங்கவும் துணிந்திருப்பார். ஒருவர் ஒரு விதியை நம்பி முடிவெடுத்த பிறகு அந்த விதியை அவர் காலடியிலிருந்து உருவக் கூடாது. மாற்றவே வேண்டுமானால் அடுத்த செஷன் தொடக்கத்தில், எல்லோரிடமும் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சந்தேகம் இருக்கும்போது, முடிவெடுத்தவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

நிழல்வீரன்

புத்தகம் மனப்பாடமான அந்த ஆட்டக்காரர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையில் என் இடம் அதுதான்.

எங்களைப் போன்றவர்கள் ஜெயிப்பதற்காக வாதாடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை விதி தெரிந்தால்தான் துணிந்து ஏதாவது செய்யத் தோன்றும். குதித்தால் எவ்வளவு தூரம் போவேன் என்று தெரியாமல் எப்படிக் குதிப்பது?

எங்கள் டிஎம் செய்த நல்ல காரியம், எனக்கு வேலை கொடுத்தது. இனிஷியேட்டிவ் வரிசையை (சண்டையில் யார் முறை எப்போது என்பதை) நான் எழுதுகிறேன். யாராவது ஸ்பெல் (மந்திரம்) போட்டால் அதன் தூரம், கால அளவு, கான்சன்ட்ரேஷன் (அது நீடிக்கக் கவனம் கலையாமல் இருப்பது) உண்டா என்பதை நான் பார்த்துச் சொல்கிறேன். கேட்டால் மட்டும் சொல்வேன். அதோடு ஒரு நிபந்தனை: விதி எங்கள் தரப்புக்குப் பாதகமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். விசார்ட் அடி வாங்கி, கான்சன்ட்ரேஷன் சேவ் (பாதிப்பைத் தவிர்க்க டைஸ் உருட்டுவது) போட மறந்தால் நான்தான் ஞாபகப்படுத்துகிறேன் (இலக்கு 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது அதிகமோ அது). அதைச் செய்யத் தொடங்கிய பிறகு என் பேச்சுக்கு மேசையில் மதிப்பு கூடியிருக்கிறது.

ஒன்றே ஒன்று. அடுத்தவர் முறையில், "நீ இதைச் செய்தால் நல்லது" என்று வாய் திறக்கவே கூடாது. அந்தப் படிக்காத நண்பரை அமைதியாக்குவது பெரும்பாலும் அதுதான்.

பழையசுருள்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த ஆட்டம் 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் கையிலிருந்து வெளிவந்தபோது மூன்று சிறு புத்தகங்கள்தான். பாதிக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியை மேசையில் இருக்கிறவர்களே நிரப்பினார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது என்ற நம்பிக்கையில், விதியில் இல்லாததை ஆட்டக்காரர்கள் யோசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஷீட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். எதிரே இருக்கிற அறையைப் பார்ப்பதே இல்லை.

ஓர் உதாரணம். நான்கு காவலர்கள் படியில் ஏறி வருகிறார்கள். ஒருவர், "விளக்கெண்ணெயை முழுதாகப் படியில் கவிழ்க்கிறேன்" என்கிறார். அதற்கு எந்தப் பக்கத்தில் விதி என்று தேடாதீர்கள். வழுக்குமா? வழுக்கும். ஓடி வருகிறார்களா? அப்படியானால் இன்னும் மோசமாக வழுக்கும். "முன்னால் வரும் இருவரும் சேவ் போட வேண்டும், இலக்கு 15, தவறினால் விழுந்து பின்னால் வருபவர்கள் மேல் உருளுவார்கள். சரியா?" என்று கேட்டுவிட்டு உருட்டுங்கள். அவ்வளவுதான்.

இருபதுமுகம்

> எந்தப் பக்கத்தில் விதி என்று தேடாதீர்கள்

இதில் நமக்குள் சண்டையே இல்லை. "சரியா?" என்று உருட்டுவதற்கு முன்பே கேட்டீர்களே, நான் சொன்னதும் அதைத்தான். இலக்கு எண்ணையும் தவறினால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த நொடியில் உருவாக்கிய தீர்ப்பும் புத்தக விதி அளவுக்கே நியாயமாக இருக்கும். "சரி வேண்டாம், கதவைச் சாத்துகிறேன்" என்று மனம் மாற அவருக்கு இடமும் கிடைக்கும்.

இலக்கு எண்ணை மறைத்து வைக்கும் டிஎம்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கு 15, கேரக்டரின் கூட்டல் 3 என்றால் இருபதுமுக டைஸில் 12க்குக் குறையாமல் விழ வேண்டும், அதாவது 45 சதவீதம். அட்வான்டேஜ் இருந்தால் கிட்டத்தட்ட 70. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் ஆட்டக்காரர், "முதலில் விளக்கை அணைக்கிறேன், இருட்டில் ஏறட்டும்" என்று அட்வான்டேஜ் தேடுவார். எண் தெரிவதால் கதை கெட்டுப்போவதை நான் பார்த்ததில்லை. பொறியின் இடம், பொய் சொல்பவரின் மனம் போன்ற, கேரக்டருக்கே தெரிய வாய்ப்பில்லாதவை வேறு விஷயம்.

வரைபடக்காரி

படிக்காத நண்பரைப் பற்றி யாரும் பேசவில்லையே!

அவரைப் படிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வீட்டுப்பாடம் மாதிரி ஆனால் வருவதையே நிறுத்திவிடுவார். ஆனால் "படிக்காவிட்டால் பரவாயில்லை" என்று அப்படியே விடுவதும் சரியில்லை, அவர் முறை வரும்போதெல்லாம் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு வழி உண்டு. அவருக்கு உள்ளங்கை அளவு அட்டை ஒன்று எழுதிக் கொடுங்கள். அதில் மூன்றே விஷயம்: அடிக்க எந்த டைஸ், எவ்வளவு கூட்ட வேண்டும்; அவருக்கு மட்டும் உரிய ஒரு திறமை, அது எப்போது திரும்பக் கிடைக்கும்; அடி வாங்கினால் எங்கே குறிக்க வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் தலையில். அவர் என்ன வகுப்பு விளையாடுகிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. விசார்டாக இருந்தால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது, ஸ்பெல் பட்டியலைப் படிக்காமல் விசார்ட் விளையாட முடியாது. அவருக்குப் பிடித்த கதையை அப்படியே வைத்துக்கொண்டு ஃபைட்டரில் சாம்பியனாக (மந்திரம் இல்லாத எளிய வகை) மாறலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

புத்தகம் வாங்கவில்லை என்பது காரணமாக இருந்தால், எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். இலவசமாகவே கிடைக்கும். முழுதும் அனுப்பாதீர்கள், அவருக்கு வேண்டிய இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம் அவர் முறை வரும்போது "என்ன செய்கிறீர்கள்?" என்று வெறுமனே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி, விதி தெரியாதவருக்குத் தேர்வுத்தாள் மாதிரி. "தலைவன் பாலத்தின் கயிற்றை அறுக்கக் கத்தியை ஓங்கிவிட்டான், உங்களுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு காவலன் மட்டும்தான். என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் "காவலனைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கத்தியைப் பிடிக்கிறேன்" என்பார். அது ஷவ், நகர்தல், கிராப்பிள் என்று விதியாக மாற்றுவது உங்கள் வேலை. ஒரே முறையில் இத்தனையும் நடக்காது என்றால், "தள்ளவும் பக்கத்தில் போகவும் நேரம் இருக்கிறது, கத்தியைப் பிடிப்பது அடுத்த முறையில்தான்" என்று சொல்லுங்கள். இப்படியே கொஞ்ச நாள் போனால், படிக்காமலேயே விதி பழகிவிடும்.

கோபுரவாசல்

அட்டை யோசனை அருமை, செய்துவிடுகிறேன். அவர் விளையாடுவது கிளெரிக் (கடவுள் அருளால் மந்திரம் போடும் பூசாரி).

அவரைப் பற்றியே இன்னொன்று. அடுத்த செஷனில் ஓர் ஓகர் (முரட்டு அரக்கன்) வருகிறது. கிளெரிக்குக்கு முழு ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) 38. முன்வரிசையில் நிற்கும் பழக்கம் வேறு. ஓகருக்குக் கிரிட்டிகல் (20 விழுந்து கிடைக்கும் பலத்த அடி) விழுந்து அவர் செத்துப்போனால் ஆட்டத்தையே விட்டுவிடுவாரோ என்று கவலையாக இருக்கிறது. டிஎம் உருட்டலை மறைக்கும் திரைக்குப் பின்னால் டைஸை மாற்றிச் சொல்வது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

இருபதுமுகம்

மாற்றாதீர்கள். மாற்ற வேண்டிய தேவையும் இல்லை, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓகரின் தடி 2 டி8 கூட்டல் 4, சராசரி 13. கிரிட்டிகலில் டைஸ் மட்டும் இரட்டிப்பாகி 4 டி8 கூட்டல் 4, சராசரி 22, உச்சபட்சம் 36. உங்கள் கிளெரிக் முழு பலத்தோடு இருந்தால், மிக மோசமான கிரிட்டிகலிலும் 2 பாயின்ட் மிச்சம் வைத்து நிற்பார்! ஏற்கெனவே அடிபட்டிருந்தாலும் 0க்கு வந்து விழுவாரே தவிர சாக மாட்டார். ஒரே அடியில் உயிர் போக வேண்டுமானால், 0க்குப் பிறகு மிஞ்சும் அடி அவருடைய முழு ஹிட் பாயின்ட்டை, அதாவது 38ஐ, எட்ட வேண்டும். ஓகரால் அது முடியவே முடியாது.

விழுந்த பிறகு டெத் சேவ் (உயிருக்காக உருட்டுவது). 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, மூன்று வெற்றி சேர்ந்தால் நிலைப்படுவார், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் 1 ஹிட் பாயின்ட்டோடு கண் விழிப்பார். யாருமே உதவாவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். ஹீலிங் வேர்ட் (குணமாக்கும் ஸ்பெல்) தெரிந்த இன்னொருவர் பார்ட்டியில் இருந்தால் 60 அடி தூரத்திலிருந்தே எழுப்பிவிடலாம், தன் முறையில் செய்யக்கூடிய கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன்தான் செலவு. இல்லையென்றால் யாராவது ஓடிப்போய் ஒரு போஷனை (குணமாக்கும் மருந்து) வாயில் ஊற்றலாம். இந்த ஆட்டத்தின் பரபரப்பான நிமிடங்கள் இங்கேதான் பிறக்கின்றன. நீங்கள் திரைக்குப் பின்னால் எண்ணை மாற்றினால், நண்பருக்காக மற்றவர்கள் ஓடிவரும் அந்தக் காட்சியே இல்லாமல் போய்விடும்.

மாற்றுவது வெளியே தெரியாது என்று சொல்வார்கள். தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் ஹீலிங் ஸ்பெல்லை மிச்சம் வைப்பது, பின்வாங்குவது, பேரம் பேசுவது எல்லாம் ஆபத்து நிஜம் என்று நம்பித்தான். அந்த முடிவுகளுக்கு நாம் மரியாதை கொடுக்க வேண்டும்.

பழையசுருள்

முழுதும் உடன்படுகிறேன். நான் திரையையே எடுத்துவிட்டேன், எல்லா உருட்டலும் மேசை நடுவில்.

ஓகரை மென்மையாக்க வேண்டுமானால் அதன் டைஸைத் தொடாதீர்கள், அதன் ஆசையை முன்பே முடிவு செய்யுங்கள். அதற்கு வேண்டியது பார்ட்டியோடு வரும் கழுதை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி உயிர் போனதும் கழுதையை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். சாகும்வரை சண்டை போடும் எதிரி அலுத்துப்போன விஷயம். ஆனால் இதைச் சண்டைக்கு முன்பே குறிப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.

தீக்கோளம்

புதிதாக டிஎம் ஆனவன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மேசையில் ஒருவர் கண்ணில் பட்ட கடைக்காரர், வழிப்போக்கர் எல்லோரையும் வெட்டுகிறார். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறார். மற்றவர்களுக்குச் சங்கடம். அடுத்த ஊரில் 12ஆம் லெவல் காவல் தலைவனை வைத்து ஒரு பாடம் கற்பிக்கலாமா?

வரைபடக்காரி

வேண்டவே வேண்டாம். கேரக்டரை அடித்து ஆட்டக்காரரைத் திருத்த முடியாது. அவர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு அடுத்த கேரக்டரோடு வந்து நிற்பார், ஊரையே கொளுத்தப் பார்ப்பார். மேசைக்கு வெளியே வந்த பிரச்சினையை மேசைக்கு வெளியேதான் பேச வேண்டும். தனியாக, செஷன் இல்லாத ஒரு நாளில். "இந்த ஆட்டத்தில் உங்களுக்கு எது பிடிக்கிறது?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். சிலருக்குச் சண்டை போதவில்லை, சிலருக்கு என்ன செய்தாலும் உலகம் அசையவில்லையே என்ற சலிப்பு. காரணம் தெரிந்தால் தீர்வும் தெரியும்.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்றால், அந்தக் கேரக்டரை உருவாக்கியவரும் அவர்தான். இந்தக் கூட்டத்தோடு அந்தக் கேரக்டர் ஏன் பயணிக்கிறது, இவர்களில் யாருக்காக அது ஒரு கொலையைத் தவிர்க்கும், இவை இரண்டுக்கும் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கேரக்டர் செய்யச் சொல்வதில் தப்பே இல்லை.

விளைவு வேறு, தண்டனை வேறு. "கடை வாசலில் நான்கு காவலர்கள் நிற்கிறார்கள், எதிர்க்கடைக்காரர் உங்களையே பார்க்கிறார், வெட்டினால் இந்த ஊர் முழுக்க உங்களைத் தேடும். செய்கிறீர்களா?" என்று வெட்டுவதற்கு முன் சொன்னால் அது விளைவு. வெட்டிய பிறகு எங்கிருந்தோ 12ஆம் லெவல் ஆள் முளைத்தால் அது தண்டனை. ஆட்டக்காரருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

மற்றவர்களின் சங்கடம் பற்றி. தொடங்கும் முன் செஷன் ஜீரோ (எது வேண்டும், எது வேண்டாம் என்று எல்லோரும் பேசும் கூட்டம்) நடத்தினீர்களா தெரியவில்லை. இல்லாவிட்டால் இப்போது நடத்துங்கள், நடுவில் நடத்தினாலும் பலன் உண்டு. எந்த விஷயம் கதைக்குள் வரவே கூடாது, எது வந்தாலும் திரைமறைவில் முடிந்துவிட வேண்டும் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் நல்லது: எக்ஸ் குறி போட்ட ஓர் அட்டை மேசை நடுவே இருக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. பெரியவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று சிலர் சொல்வார்கள். வாய் திறந்து சொல்லத் தயங்குபவர் ஒவ்வொரு மேசையிலும் ஒருவராவது இருக்கிறார். நான் அவருக்காகத்தான் வைக்கிறேன்.

தீக்கோளம்

தனியாகப் பேசுகிறேன். நன்றி. அந்த "யாருக்காக ஒரு கொலையைத் தவிர்க்கும்" கேள்வியை எல்லோரிடமும் கேட்கப் போகிறேன்.

நிழல்வீரன்

டிஎம்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஓய்வு. 2014 டிஎம் கையேடு ஒரு நாளைக்கு 6 முதல் 8 நடுத்தர அல்லது கடினமான மோதல்களைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. பெரும்பாலான மேசைகளில் ஒன்றோ இரண்டோதான் நடக்கிறது. விசார்ட் எல்லா ஸ்பெல்லையும் முதல் சண்டையிலேயே கொட்டிவிட்டு, அவை திரும்பக் கிடைக்கப் படுத்துவிடுவார். ஃபைட்டரும் ரோக்கும் வேடிக்கை பார்ப்பார்கள். பாதி விதிச் சண்டைகள் அந்த ஏமாற்றத்திலிருந்துதான் வருகின்றன, பாலத்தில் நடந்தது போல.

தூங்கவிடாமல் நள்ளிரவில் ஓநாய்களை அனுப்புவது வீண். கடிகாரம் வையுங்கள். பிளேட்ஸ் இன் த டார்க் (2017) ஆட்டத்தில் வரும் உத்தி இது: காகிதத்தில் ஒரு வட்டம், அதில் ஆறு பங்கு, மேலே "சடங்கு முடியும்" என்று எழுதி எல்லோரும் பார்க்க மேசையில் வையுங்கள். நீண்ட ஓய்வு எடுத்தால் இரண்டு பங்கு நிரம்பும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூங்குவதா வேண்டாமா என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள், கேரக்டராகவே.

கோபுரவாசல்

கடிகாரம் ஓகருக்கும் பொருந்துகிறது, கழுதைமேல் இருக்கிற மருந்து கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும். விதி தெரிந்த நண்பரிடம் இனிஷியேட்டிவ் வரிசையைக் கொடுக்கப் போகிறேன், ஆட்சேபத்துக்கு ஒரே மூச்சு விதியும் எழுதியாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. போஷன் குடிக்க முழு ஆக்‌ஷன் போகிறது என்பதால் யாரும் குடிப்பதே இல்லை. போனஸ் ஆக்‌ஷனாக மாற்ற நினைக்கிறேன். ஏதாவது சிக்கல் வருமா?

இருபதுமுகம்

தாராளமாக மாற்றுங்கள். 2024 புத்தகத்திலேயே போனஸ் ஆக்‌ஷனாக்கிவிட்டார்கள். சாதாரண ஹீலிங் போஷன் 2 டி4 கூட்டல் 2, சராசரி 7. அதனால் யாரும் அசைக்க முடியாதவர் ஆகிவிட மாட்டார். இரண்டு விஷயத்தை மட்டும் முன்பே தெளிவாக்குங்கள். விழுந்து கிடப்பவர் வாயில் ஊற்றுவதும் போனஸ் ஆக்‌ஷனா? 2024 விதிப்படி ஆம். பழையபடி முழு ஆக்‌ஷனாக வைக்க விரும்பினால் அதையும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ஒரே முறையில் போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல்லும் போஷனும் சேர்ந்து கிடையாது. கிளெரிக் நண்பரின் அட்டையில் இதை எழுதி வைத்தால் போதும்.

எதிரிகளுக்கும் இதே விதி. கொள்ளைக்காரத் தலைவனிடம் ஒரு போஷன் இருந்தால் அவனும் போனஸ் ஆக்‌ஷனில் குடிப்பான் என்பதைச் செஷன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கடைக்குப் போய்ப் போஷன் வாங்குவதற்கு முன்பே.